எலக்ட்ரீசியன் வீட்டு ஸ்ட்ரிப் லைட்

பெரம்பலூரில் இருபத்து மூன்று வருஷமாக வயரிங் வேலை பார்க்கும் குழந்தைவேல், வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது, அவருடைய ஹாலில் இன்னொரு எலக்ட்ரீசியன் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தான்.

முதலில் கால்கள்தான் கண்ணில் பட்டன. சாக்ஸ் போட்ட கால்கள். ஏணிக்கடியில் பழைய பேப்பர் விரித்திருந்தது. சுவரில் துளை போட்ட தூசி ஒரு சிட்டிகைகூடத் தரையில் இல்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது வேறு யாருமல்ல, அவருடைய மனைவி பானுப்ரியா.

"வாங்க. நாலு நாளா சொல்லி இன்னிக்குத்தான் தம்பி வந்துச்சு" என்றாள், கேஸ் சிலிண்டர் வந்ததைச் சொல்வதுபோல.

மேலே இருந்தவன் திரும்பினான். கோகுலகிருஷ்ணன். முப்பது வயசு. நாலு ரோடு பக்கம் கடை வைத்திருக்கிறான். முதுகில் பெயரும் போன் நம்பரும் அச்சடித்த பனியனைப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுவான். வேலை முடித்த வீட்டையெல்லாம் வீடியோ எடுத்து, பாட்டு வைத்துப் போனில் போடுவான். அந்த வீடியோக்களைக் குழந்தைவேல் பார்ப்பதில்லை என்று வெளியே சொல்லிக்கொள்வார். ஒன்று விடாமல் பார்ப்பார்.

"அண்ணே, வணக்கம்ணே" என்று குனிந்து சொன்னான் கோகுல். ஏணி உச்சியில் நிற்கிறவன் குனிந்து வணக்கம் வைத்தால் அது மரியாதையா, நக்கலா? நக்கல்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு குழந்தைவேல் நேராக அடுப்படிக்குப் போனார். பானுப்ரியா பின்னாலேயே வந்து தட்டைப் போட்டாள்.

"அவன எதுக்குக் கூப்ட்ட?"

"லைட்டு போட."

"அப்ப நான் இந்த ஊர்ல என்ன பண்றேன்? பொரிகடலை விக்கிறேனா?"

"மூணு பொங்கலா உங்களத்தாங்க கேட்டேன். நாளைக்கு, நாளைக்குன்னீங்க. எனக்குக் கண்ணு வலிக்குது. என் தையல் காசுல போட்டுக்குறேன், நீங்க சாப்பிடுங்க."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டை வாங்கியபோது பழைய சொந்தக்காரர் போட்ட வயரிங் அப்படியே இருந்தது. ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் உருவிப் புதுசாகப் போடுகிறேன் என்றார். அந்த வாரம் இன்னும் வரவில்லை. ஊரில் யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும் சோற்றில் கை வைத்தபடி எழுந்து ஓடுகிறவர், சொந்த வீட்டில் டியூப் லைட் மினுக்கினால் தலையைத் திருப்பிக்கொள்வார். பானுப்ரியாதான் ஸ்டூல் போட்டு ஏறி மாற்றுவாள். ஒற்றை ஜன்னல் வைத்த அந்த ஹாலில்தான் அவள் தினமும் பிளவுஸ் தைக்கிறாள்.

சாப்பிட்டுவிட்டு வந்தபோது வேலை முடிந்திருந்தது. கோகுல் ஸ்விட்சைத் தட்டினான். நாலு சுவரின் மேல் விளிம்பிலும் இளமஞ்சள் வெளிச்சம் ஓடியது. விளக்கு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் சுவரில் வழிந்தது. தையல் மெஷின் மேல் நிழல் விழவில்லை. பானுப்ரியா ஊசிக் கண்ணில் நூலை ஒரே தடவையில் கோத்துக் காட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் குழந்தைவேல் பார்த்து வெகுநாளாகிவிட்டது. அது வேறொருத்தன் போட்ட வெளிச்சத்தில் வந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

கோகுல் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு போனதும், ஸ்டூலைப் போட்டு ஏறிக் குறை தேடினார். விளக்குப் பட்டையை இஷ்டத்துக்கு வெட்டாமல் குறி போட்ட இடத்தில்தான் வெட்டியிருந்தான். மூலைகளில் கிளிப் மாட்டி ஒப்பேற்றாமல் ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தான். கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் அடாப்டரை லாஃப்டில், காற்றுப் படும் இடமாகப் பார்த்து வைத்திருந்தான். குறை சொல்ல ஒரே ஒரு இடம் விட்டு வைத்திருக்கக் கூடாதா, பாவி. குழந்தைவேல் வெறும் கையோடு இறங்கினார்.

"எப்படிங்க இருக்கு?" என்றாள்.

"இருக்கு, இருக்கு."

"அண்ணன் ஞாயித்துக்கிழம வருது. இதப் பாக்கத்தான். புடிச்சிருந்தா அது வூட்டுக்கும் தம்பிகிட்டயே குடுத்துடலாம்னு சொல்லுது."

அவளுடைய அண்ணன் தர்மராஜ் அரியலூரில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறவர். அங்கே மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார், பூச்சு வேலை வரை வந்தாகிவிட்டது. மச்சான் வீட்டு வயரிங் எனக்குத்தான் என்று குழந்தைவேல் யாரையும் கேட்காமலே தீர்மானித்து, ஹார்டுவேர் கடையில், டீக்கடையில், எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். சொந்த மச்சானே கோகுலுக்குக் கொடுத்துவிட்டால் அப்புறம் இந்த ஊரில் எந்த முகத்தோடு ஏணியைத் தூக்குவது?

வெள்ளியும் சனியும் அவருக்கு நரகம். எதிர்வீட்டு சிந்தாமணி விளக்கைப் பார்க்க வந்து, "உங்க வூட்டுக்காரர் போட்டதா?" என்றாள். "அவருக்கு எங்க நேரம்? கோகுல் தம்பி போட்டுச்சு" என்றாள் பானுப்ரியா. உள்ளறையில் படுத்திருந்த குழந்தைவேல் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தார். மறுநாள் மூன்று பெண்கள் வந்தார்கள். தம்பி எவ்வளவு சுத்தம், எவ்வளவு பொறுமை, காபி குடித்த டம்ளரைக்கூடத் தானே கழுவி வைத்தது என்று ஒவ்வொருத்தியிடமும் அவள் புதிதாகச் சொல்வதுபோலச் சொன்னாள். டம்ளர் கழுவுகிறானாம், டம்ளர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பானுப்ரியா அண்ணனுக்காக வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய் இரைகிற சத்தத்தில் ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்காது. குழந்தைவேல் ஸ்விட்சை அணைத்துவிட்டு லாஃப்டுக்கு எட்டினார். ஒரே ஒரு ஸ்குரூ. ரெண்டு திருகு. அடாப்டருக்குள் போகிற லைன் வயர் கையோடு வந்துவிட்டது.

இறங்கி ரெண்டு எட்டு வைத்தார். வைத்தவரால் மூன்றாவது எட்டு வைக்க முடியவில்லை. வயரின் செம்பு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இவள் எப்போது நினைத்துக்கொள்வாளோ, ஈரத்துணியை எடுத்துக்கொண்டு லாஃப்டைத் துடைக்க ஏறிவிடுவாள். மறுபடி ஏறினார். பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து நுனியில் மூன்று சுற்றுச் சுற்றினார். சுற்றி முடித்து, டேப்பின் ஓரத்தைக் கொஞ்சம் மடித்துவிட்டார். அது அவருடைய கை பழகிய பழக்கம். பின்னால் அவிழ்க்கிற ஆள் நகத்தால் சுரண்டிக்கொண்டு நிற்கக் கூடாது. அப்புறம்தான் நிம்மதியாக இறங்கி, கை கழுவி, ரெண்டு பஜ்ஜி சாப்பிட்டார்.

சாயங்காலம் தர்மராஜ் முந்திரிப்பருப்புப் பொட்டலத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். பானுப்ரியா ஜன்னலைச் சாத்திவிட்டு, "இப்பப் பாருண்ணே" என்று ஸ்விட்சைப் போட்டாள். ஒன்றும் எரியவில்லை. அணைத்துப் போட்டாள். மறுபடி அணைத்துப் போட்டாள். அவள் முகம் சுருங்கிப்போனது.

"இந்தச் சாமானெல்லாம் அப்படித்தான் மச்சான். பளபளன்னு இருக்கும், நாலு நாள் தாங்காது" என்றார் குழந்தைவேல், ரொம்பவும் வருத்தப்படுகிறவர் மாதிரி.

"நீங்க கொஞ்சம் ஏறிப் பாருங்களேன்" என்றாள் பானுப்ரியா.

"அடுத்தவன் செஞ்ச வேலையில நான் கை வைக்கிறதில்ல. செஞ்சவனையே கூப்புடு."

போன் போட்ட பத்து நிமிஷத்தில் கோகுல் வந்துவிட்டான். முகம் வியர்த்திருந்தது. நேராக ஸ்டூலில் ஏறி, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு லாஃப்டுக்குள் கையை விட்டான். விட்ட கை அப்படியே நின்றது.

குழந்தைவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மடிப்பு. பெரம்பலூரில் பாதி வீடுகளின் ஜங்ஷன் பாக்ஸுக்குள் அவர் கை டேப் இருக்கிறது. ரிப்பேருக்குப் போகிற கோகுல் அதில் நூறையாவது அவிழ்த்திருப்பான். ஊரில் வேறு எந்த எலக்ட்ரீசியனும் நுனியை மடித்து விடுவதில்லை. பேப்பரில் கையெழுத்துப் போட்டு ஒட்டியிருந்தால்கூட இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

கோகுல் ஸ்டூலில் நின்றபடியே திரும்பி அவரைப் பார்த்தான். ரொம்ப நேரம் இல்லை. இந்த இடத்தில் தான் நின்றிருந்தால் என்ன செய்திருப்போம் என்று அவருக்குத் தெரியும். வயரை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டியிருப்பார். தெருவையே கூப்பிட்டிருப்பார்.

"என் தப்புதாங்க்கா. ஸ்குரூவ சரியா முடுக்காம விட்டுட்டேன் போலருக்கு" என்றான் கோகுல். டேப்பை உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வயரைச் செருகி, ரெண்டு திருகு திருகினான். வெளிச்சம் நாலு சுவரிலும் ஓடியது.

குழந்தைவேலுக்கு மூச்சு வந்தது. கூடவே புதுசாக ஒரு எரிச்சலும் வந்தது. இதிலும் இவன் ஒரு படி மேலே போய்விட்டானே. வேலையில்தான் ஜெயித்தான் என்றால், குணத்திலுமா?

தர்மராஜ் மேலே பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "அழகாத்தான் இருக்கு. ஆனா மூணே நாள்ல கழண்டுக்குதுன்னா, என் வூடு முழுக்கப் போட்டுட்டு நான் என்ன பண்றது? வேணாம் மாப்ள. நீங்களே வந்து பாத்துக் குடுங்க."

பானுப்ரியாவுக்கு அண்ணன் எதிரில் அவமானமாகிவிட்ட கோபம். கோகுலைப் பார்த்துத் திரும்பினாள். "என்ன தம்பி, ஒன்ன நம்பித்தானே குடுத்தேன். இவரு இருவத்து மூணு வருஷமா வேல பாக்குறாரு. ஒயரு கழண்டு போச்சுன்னு ஒருத்தங்க இந்த வாசப்படில வந்து நின்னதில்ல. வேலன்னா அது வேல."

"ஆமாங்க்கா. அண்ணன் வேல கழலாது" என்றான் கோகுல், தலையைக் குனிந்தபடி.

எத்தனை வருஷமாக இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தார். ஊரே சொன்னது, இவள் ஒருத்தி சொன்னதில்லை. இன்று சொல்லிவிட்டாள், அதுவும் கோகுலின் முகத்துக்கு நேரே. அரியலூர் வேலையும் கைக்கு வந்துவிட்டது. இனி அவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, வாயைத் திறக்காமல் பஜ்ஜி சாப்பிட்டால் போதும். அவரும் ஒரு பஜ்ஜியை எடுத்தார். கடித்தார். மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

கோகுல் வாசலில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"மச்சான்" என்றார் குழந்தைவேல். "ஸ்குரூ லூஸில்ல. கழட்டுனது நானு."

தர்மராஜுக்குப் புரியவில்லை. "என்ன மாப்ள?"

"மத்தியானம் நாந்தான் ஏறிக் கழட்டி விட்டேன். உங்க வேல அவனுக்குப் போயிடுமேன்னு. பொறாமதான், வேற என்ன. அது தெரிஞ்சுதான் தம்பி தன் மேல போட்டுக்கிச்சு." இதுவரை சொன்னதுகூடச் சுலபமாக இருந்தது. அடுத்ததைச் சொல்லத்தான் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. "நான் குறை தேடிப் பாத்துட்டேன். இல்ல. சுத்தமான வேல."

வாசலில் லேஸ் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. தர்மராஜ் மாப்பிள்ளையைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார், பிடரியைச் சொறிந்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போனார். "தம்பி, நாளைக்கு அரியலூர் வந்து ஒரு எட்டு வூட்டப் பாக்க முடியுமா?" என்று அவர் தணிந்த குரலில் கேட்டது ஹால் வரைக்கும் கேட்டது.

பானுப்ரியா கத்துவாள் என்று குழந்தைவேல் காத்திருந்தார். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தி ஆற்றிக்கொண்டிருக்கலாம். அவள் கத்தவில்லை. பஜ்ஜித் தட்டை எடுத்தாள், டம்ளர்களை அதன் மேல் அடுக்கினாள். அடுப்படி வரை போனவள் நிலைப்படியில் நின்று, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

"இந்தப் பதினோரு வருஷத்துல, நம்ம வூட்டுக் கரண்டுல நீங்க பாத்த வேல இது ஒண்ணுதாங்க."