ஓகினோ தெய்ஸோவை வெறுப்பது எப்படி

1

இந்தக் கதை ஒரு பை ஆரஞ்சுப் பழத்தால் வந்தது. எங்கள் தெருமுனைக் காய்கறிக் கடைக்காரம்மா அதை நடிகர் ஓகினோ தெய்ஸோவுக்கு இலவசமாகக் கொடுத்தாள். அவர் நேராக என் வீட்டுக்கு வந்து, கழற்றிய செருப்பை வழக்கப்படி வாசல் பார்த்துத் திருப்பிக்கூட வைக்காமல் உள்ளே நுழைந்து, பையை மேசையில் போட்டார்.

"பாத்தீங்களா? இனாமாம். அதுவும் நல்லதாப் பொறுக்கிக் குடுத்திருக்கா."

"நல்லதுதானே, ஓகினோசான்?"

"என்னய்யா நல்லது? இத்தன வருஷமா அந்தப் பொம்பள எனக்கு அழுகலாப் பாத்துதான் போட்டா. நான் மாமியாரைக் கிணத்துல தள்ளின வாரம் வெங்காயமே இல்லைன்னுட்டா, கூடை நிறைய வெச்சுக்கிட்டு! என் தொழிலுக்கு அதுதான்யா விருது. இன்னிக்கு என் கையப் பிடிச்சுக்கிட்டு அழறா."

அவர் அழவில்லை. கோபத்தில் காது சிவந்திருந்தது. இதை எழுதியே ஆகவேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன். எப்படித் தொடங்குவது என்பதில்தான் சிக்கல்.

"மருத்துவமனை ஜன்னலுக்கு வெளியே செர்ரிப் பூக்கள் உதிர்ந்துகொண்டிருந்த வேளையில், ஓகினோ தெய்ஸோ தன் வாழ்க்கையை"

நிறுத்துகிறேன். அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது ஆகஸ்டில். ஜன்னலுக்கு வெளியே இருந்தது வண்டி நிறுத்துமிடம்.

"வயிற்றை இழந்தாலும் நம்பிக்கையை இழக்காத"

இது என் வாக்கியமே இல்லை. ஒரு வாரப் பத்திரிகையின் அட்டையில் வந்தது.

"கொலைகாரர் காலையில் எழுந்து ஆறு ஸ்பூன் கஞ்சி குடித்தார்."

இது பரவாயில்லை. ஆனால் உங்களுக்கு இப்போதே அவர்மேல் பாவமாக இருக்கிறது, இல்லையா? அப்படியென்றால் இதுவும் போச்சு.

2

நான் தொலைக்காட்சிக்கு இரண்டு மணி நேரத் துப்பறியும் நாடகங்கள் எழுதுகிறவன். ஓகினோ அவற்றில் கொலை செய்கிறவர். இந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று சொல்ல எனக்கு எப்போதும் ஆசை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் கொலைகாரன் என்பது ரகசியமே அல்ல. செய்தித்தாளின் நிகழ்ச்சிப் பத்தியில் நடிகர் பெயர்களைப் பாருங்கள். முதல் பெயர் துப்பறிகிறவர், இரண்டாவது அவருடைய கூட்டாளி, மூன்றாவது கொலைகாரன். மூன்றாம் இடத்தில் ஓகினோவின் பெயர் வந்தால் ஊரே நிம்மதியாகத் தேநீர் போட எழுந்து போகும்.

கடைசியில் ஏன் எல்லோரும் கடலோரப் பாறை உச்சிக்குப் போகிறார்கள்? பார்க்கிறவர்கள் இதைக் கேலி செய்து சிரிக்கிறார்கள், ஆனால் அதைவிட நல்ல இடம் இல்லை. குறுக்கே யாரும் நடந்து போக மாட்டார்கள். பின்னால் கடல் என்பதால் கொலைகாரன் எழுந்து போய்விட முடியாது. காற்று தலைமுடியைக் கலைத்துப் பாதி நடிப்பை இலவசமாகச் செய்துவிடும். குளித்துவிட்டுத் தாமதமாக வந்து உட்கார்ந்தவருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் முழுக் கதையும் கிடைத்துவிடும்.

(இடைக்குறிப்பு: காரில் தப்பி ஓடும் கொலைகாரன் முதலில் இருக்கைப் பட்டையை மாட்டுவான். விளம்பரம் கொடுக்கிறவர் கார் கம்பெனிக்காரராக இருந்தால் அவர்கள் காரில் பிணத்தை ஏற்றவே மாட்டான். எங்கள் கொலைகாரர்கள் ஒழுக்கமானவர்கள்.)

3

பிறகு நோய் வந்தது. இரைப்பையில் புற்று. முழுவதையும் எடுத்துவிட்டார்கள்.

இரைப்பை ஒரு காத்திருப்பு அறை. சாப்பாட்டை உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அனுப்பும். அறை இல்லாவிட்டால் சாப்பாடு மொத்தமாகக் குடலுக்குள் விழும். உடனே வியர்க்கும், தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும். அதனால் கைப்பிடிச் சோறு, ஒரு நாளில் பல தடவை, மென்று மென்று. அதன்பின் கொடுத்த மருந்து விரல் நுனிகளை மரத்துப்போக வைத்தது. சட்டைப் பித்தானைக் கண்ணால் பார்த்தால்தான் போட முடியும்.

இவ்வளவுதான் நோய். மிச்சத்தை நாடே செய்தது.

எங்கள் வழக்கப்படி, அவருடைய வேலைகளைக் கவனிக்கும் ஏஜென்சி நோயைப் பற்றி ஓர் அறிக்கை எழுதித் தர, அதை அவர் தன் கையெழுத்தில் பார்த்து எழுதினார். "கையெழுத்து இன்னும் கொஞ்சம் நடுங்கட்டும்" என்று ஏஜென்சியில் சொன்னார்களாம். மறுநாள் காலை நிகழ்ச்சிகள் எல்லாவற்றிலும் அந்தக் கையெழுத்து. நோய் குணமாக வேண்டி மடித்துக் கோத்த காகிதக் கொக்கு மாலைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. கிணற்றில் மாமியாரைத் தள்ளியவரை ஒரே வாரத்தில் நாடு தத்தெடுத்துக்கொண்டது.

குணமாகித் திரும்பினால் வந்த வேடங்கள்: கருணையுள்ள டாக்டர். மலைக்கோயில் பூசாரி. பேரன் கனவில் வரும் செத்துப்போன தாத்தா. மென்மையான தோஃபு சோயாக்கட்டிக்கு ஒரு விளம்பரம்.

"செத்துப்போன தாத்தா வேஷத்துக்கு நாலு பேரு கேட்டாங்க" என்றார் ஓகினோ. "உசுரோட இருக்கற அயோக்கியன் ஒருத்தன்கூட இல்ல."

4

தயாரிப்பாளர் ஹமுராவிடம் தொலைபேசியில் பேசினேன்.

"வாத்தியாரே, விளையாடாதீங்க. அவர் கொலை பண்ணினா ஜனங்க நம்புவாங்களா? அழுவாங்க. கொலை நடக்கும்போது அழக்கூடாது, விளம்பரத்துக்கு நல்லதில்ல."

"அப்ப அவரையே கொல்லலாமா?"

"ஐயையோ! நிலையத்தையே கொளுத்திடுவாங்க. சாட்சியா வரட்டும். பார்வையில்லாத சாட்சி. நல்லா இருக்குமே?"

"கொலைகாரனாத்தான் வேணும்னு அடம்பிடிக்கறார்."

பெருமூச்சு. "சரி, ஒரு காரணம் வைங்க. செத்துப்போன மகள், பழிவாங்கற அப்பா… அந்த மாதிரி."

இதை ஓகினோவிடம் சொன்னேன். அவர் என் வீட்டில் உட்கார்ந்து அரிசிக் கஞ்சியை மென்றுகொண்டிருந்தார். (ஆமாம், கஞ்சியை மென்றுதான்.)

"மகளும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். பேராசை போதும். நல்ல கொலைக்குக் காரணம் வெச்சா அது நீதிக்கதை ஆயிடும்யா."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வயிற்றை எடுத்துப் பிழைத்த ஒரு பெரியவர். தினமும் கஞ்சி வைத்துக்கொண்டு வந்து பார்க்கும் தம்பி. தம்பியின் நிலத்துக்காக அவன் தேநீரில் விஷம் வைக்கிறார் பெரியவர். யாரும் அவரைச் சந்தேகிக்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் அவருக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தார்கள். கொலை நடந்தபோது தாங்கள் அங்கே இல்லை என்று மற்ற கொலைகாரர்கள் நிரூபிக்க வேண்டும். இவருக்கு நோயே அந்த நிரூபணம்.

ஓகினோ கஞ்சியைக் கீழே வைத்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் அந்தப் பழைய அசிங்கமான சிரிப்பைப் பார்த்தேன்.

"நீங்க ரொம்பக் கெட்டவரு" என்றார், மரியாதையோடு.

5

ஹமுரா ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். தேநீர்க் காட்சியை ஒத்திகையில் பார்த்துவிட்டுத்தான் முடிவு. ஓகினோவால் ஆகாவிட்டால், பார்வையில்லாத சாட்சிதான்.

சிக்கல் விரல்களில் இருந்தது. கொலைகாரன் தன் கையைப் பார்க்கக் கூடாது. ஏன் தெரியுமா? எதிரில் இருப்பவனைப் பார்த்துக்கொண்டே விஷத்தை ஊற்றினால் அது திட்டம். தன் கையைப் பார்த்துக்கொண்டு ஊற்றினால் அது மனசாட்சி. கண் ஒரு சாண் கீழே இறங்கினால் போதும், அயோக்கியன் பாவப்பட்ட மனிதன் ஆகிவிடுவான். மரத்த விரலோ, பார்த்தால்தான் வேலை செய்கிறது.

அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி மிட்சுயோ தம்பியின் இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஓகினோ அவர் கண்ணைப் பார்த்துச் சிரித்தபடி தேநீர் ஊற்றினார். தேநீர் மேசையில் ஓடியது.

"என்னங்க, மேசைதான் சாகும் போலிருக்கு."

"சும்மா இருடி. நீ ஏன் குவளைய நகத்தற?"

"நான் எங்க நகத்தினேன்? உங்க கைதான் ஊர்வலம் போகுது. வேணும்னா நான் நாக்க நீட்டறேன், நேரா ஊத்திடுங்க."

"கொல்லப் போறேன் பாரு ஒன்ன."

"அதுக்குத்தானே ரெண்டு வாரமா உக்காந்திருக்கேன்!"

அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். விரலுக்கு உணர்ச்சி இல்லை, முழங்கைக்கு உண்டு. முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றி, அதை அச்சாக வைத்துக் கையைத் திருப்பினார். குவளை நிறைவதைக் காதால் கேட்டார். நீர் ஏற ஏறச் சத்தம் மெலிந்து கூர்மையாகும். ஒத்திகையில் ஒரு சொட்டு சிந்தவில்லை. கண் இறங்கவில்லை. ஹமுரா தனக்கு வைத்த தேநீரைத் தொடவில்லை.

[இங்கே, அந்தப் பயிற்சியில் அவர் எத்தனை முறை விரலைச் சுட்டுக்கொண்டார், சுட்டது தெரியாமலே எப்படித் தொடர்ந்தார் என்று ஒரு பத்தி இருந்தது. அழகான பத்தி. எடுத்துவிட்டேன். நீங்கள் அதற்காகத்தான் காத்திருந்தீர்கள்.]

6

பாறை உச்சிக் காட்சியை வடகடற்கரையில் எடுத்தோம். பெண் துப்பறிவாளராகக் கிரியூ என்ற இளம் நடிகை. காலையில் ஒப்பனை அறையில் அவள் ஓகினோவின் கையைப் பிடித்து, தன் அப்பாவும் இதே நோயில் போனதாகவும், அவரைப் பார்த்தால் தனக்குத் தைரியம் வருவதாகவும் சொல்லி அழுதாள். ஓகினோ தலையாட்டினார், வெங்காயம் மறுக்கப்பட்டவரைப்போல அல்ல, இனாமாகப் பழம் வாங்கியவரைப்போல.

முதல் டேக். அவள் சொல்ல வேண்டிய வசனம்: "நீ மனுஷனே இல்ல!" சொன்னாள். சொல்லிவிட்டு, பழக்கத்தில், குனிந்து வணங்கினாள்.

இயக்குநர் "ஓகே! அருமை!" என்றார். ஓகினோ நோயாளி என்பதால் அன்று எல்லாமே முதல் டேக்கில் ஓகே. குழு முழுவதும் கைதட்டியது. ஒருத்தர் போர்வையோடு ஓடிவந்தார், இன்னொருத்தர் வெந்நீர்ப் பையோடு.

"குனிஞ்சாளே, பாக்கலியா?" என்றார் ஓகினோ.

"வெட்டிடலாம், ஓகினோசான். நீங்க உக்காருங்க."

"இன்னொண்ணு எடுங்க."

"குளிர்ல எதுக்கு…"

"எடுங்கன்னேன்!"

இரண்டாவது டேக். நிலத்துக்காகக் கொன்றதைச் சொல்லும் வரி வரை வசனம் எல்லாம் நான் எழுதியதுதான். பிறகு அவர் என் தாளை விட்டு வெளியே போனார். அவளைப் பார்த்துச் சிரித்து, மெதுவாகச் சொன்னார்:

"உங்கப்பா படுத்திருந்தப்ப எத்தன தடவ போய்ப் பாத்தம்மா? ஷூட்டிங் இருந்திருக்கும், பாவம். என் தம்பி தினம் வந்தான். தினம் வர்றவனக் கொல்றது ரொம்ப சுலபம்."

கிரியூவின் முகம் வெளிறிப்போனது. பிறகு கத்தினாள். என் வசனத்தைத்தான் கத்தினாள், ஆனால் அது என்னுடையதாக இல்லை. குனியவில்லை. இயக்குநர் கட் சொல்ல மறந்துவிட்டார். போர்வை வைத்திருந்தவர் போர்வையைத் தானே போர்த்திக்கொண்டு நின்றார்.

திரும்பும் பேருந்தில் யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

"அந்தப் பொண்ணு வணக்கம்கூடச் சொல்லல, கவனிச்சீங்களா?" என்றார் என்னிடம். முகம் ஜொலித்தது.

"அது நடிப்பா, ஓகினோசான்? இல்ல நிஜமாவே…"

"கேமராவுல வந்துச்சா இல்லியா?"

இந்த இடத்தில் ஓகினோவையே நான் சந்தேகித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விடுதியில் இறங்கியதும் அவர் அவள் அறைக் கதவுக்கு முன்னால் போய் நின்று

இல்லை. இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். முடித்தால் மன்னித்துவிடுவீர்கள்.

7

நாடகம் இந்த வெள்ளிக்கிழமை ஒளிபரப்பாகிறது. கையில் சில முடிவுகள் இருக்கின்றன.

முதலாவது: நிலையத்துக்குத் திட்டி அழைப்புகள் குவிகின்றன. "நோயாளிகளை அவமதித்த அயோக்கியன்." ஓகினோ பத்து வயது இளையவராகிறார். இது எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே நம்ப மாட்டேன்.

இரண்டாவது: எல்லோரும் அழுகிறார்கள். "அந்த உடம்போடு இப்படி நடித்தாரே!" தைரியம் கொடுத்ததற்கு நன்றி சொல்லி மறுபடி காகிதக் கொக்குகள். அவர் தோற்கிறார்.

மூன்றாவது: வெள்ளிக்கிழமைக்கு முன்பே அவர் போய்விடுகிறார். திரையின் அடியில் வெள்ளை எழுத்தில் அஞ்சலி. தம்பியைக் கொன்றது அந்த ஒரு வரியால் கழுவப்பட்டுவிடும். இதைவிடப் பெரிய தோல்வி அவருக்குக் கிடையாது. ஹமுரா அந்த வெள்ளை எழுத்தைத் தயாராக வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். ஹமுரா எதிலும் முன்யோசனைக்காரர்.

நேற்று அவருக்கு ஸ்கேன் முடிவு வந்தது. என்னவென்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நல்ல செய்தி என்றால் வாழ்த்துவீர்கள், கெட்டது என்றால் அழுவீர்கள். இரண்டும் அவர் தொழிலுக்கு ஆகாது.

எனவே முடிவை என்னால் எழுத முடியாது. அது என் மேசையில் நடப்பதே இல்லை, உங்கள் முகத்தில் நடக்கிறது. தினமும் கஞ்சி கொண்டுவந்த தம்பியை, கண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, நாலு காணி நிலத்துக்காகக் கொன்றான் இந்த மனிதன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. இப்போது கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். உங்களைப் பார்த்துச் சிரிக்கிறான்.

திட்டுங்கள். மனதாரத் திட்டுங்கள்.

தொண்டை அடைக்கிறதா? அப்படியென்றால் இன்னொரு டேக். அவர் காத்திருப்பார்.