மாமியாரின் மூக்கு

ரொட்டிக்கடைக்காரி தன் மாப்பிள்ளையின் தொழிற்கூடத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மனுஷன் தங்கம்தான், ஆனால் காய்ச்சுவது பீர். அதிலும் ஏல் என்று ஏதோ ஒரு ரகமாம், அதற்குள் பல வகைகளாம். "போதைக்கு எதுக்குடி இத்தனை பேரு?" என்று மகளிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒருநாள் காலை மகள் வயிற்றுப் பிள்ளையோடு மூச்சு வாங்கக் கடைக்கு வந்து நின்றாள்.

"அம்மா, அவருக்குச் சளி. மூக்கு சுத்தமா அடைச்சுப்போச்சு. ஏல் எல்லாம் சரியா வந்திருக்கான்னு மோந்து பாக்க முடியல. எனக்கு அந்த வாசமே குமட்டுது. நீ வாயேன்."

"நானா? அந்தக் கண்றாவியைக் குடிக்கவா?"

"குடிக்க வேணாம். மோந்து சொன்னாப் போதும். உன் மூக்கு யாருக்கு வரும்?"

மூக்கைப் புகழ்ந்தால் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். இடுப்பில் கட்டிய மாவுத் துணியைக்கூட அவிழ்க்காமல் கிளம்பிவிட்டாள்.

மாப்பிள்ளையின் மூக்கு தக்காளிப்பழமாகச் சிவந்திருந்தது. கூச்சத்தோடு முதல் கோப்பையை நீட்டினார். பொன்னிறம்.

"ஆரஞ்சுத் தோல் போட்டீங்களா மாப்பிள்ளை?"

"இல்ல அத்தை. இது பேல் ஏல். ஹாப்ஸ்னு ஒரு கொடியோட பூ, அதோட வாசம்."

அடுத்தது கன்னங்கரேலென்று இருந்தது. "காப்பித்தூள் கலந்திருக்கீங்க."

"அதுவும் இல்ல. போர்ட்டர். எல்லா ஏலுக்கும் போடுற அதே பார்லியைக் கருக வறுத்தது."

அவள் நம்பவில்லை. அவர் முளைகட்டி உலர்த்திய பார்லியில் ஒரு பிடியும், கருக வறுத்ததில் ஒரு பிடியும் கொண்டுவந்து காட்டினார். இரண்டையும் மென்று பார்த்தாள். ஒன்று பிஸ்கட், ஒன்று காப்பி. ஒரே தானியம்!

மூன்றாவது கோப்பை கலங்கலாக இருந்தது. முகர்ந்ததும் பதறிவிட்டாள். "ஐயையோ, இது கெட்டுப்போச்சு மாப்பிள்ளை! கனிஞ்ச வாழைப்பழம் நாறுது. கிராம்பு வேற."

மாப்பிள்ளை துள்ளிக் குதித்தார். "நிஜமாவா அத்தை? கோதுமை ஏல் அப்படித்தான் மணக்கணும்!"

"வாழைப்பழம் யாரு போட்டா?"

"யாரும் போடல. எல்லாம் ஈஸ்ட் பண்ற வேலை."

நான்காவது, பழுப்பு ஏல். அவள் முகம் மலர்ந்தது. "இதுதான் பிரமாதம். வெண்ணெய் அப்படியே கமகமன்னு மணக்குது!"

இந்த முறை அவர் முகம் தொங்கிப்போனது. "வெண்ணெய் வரக் கூடாது அத்தை. தொட்டிச் சூட்டைக் கொஞ்சம் கூட்டி, ஈஸ்ட்டை இன்னும் கொஞ்ச நாள் விட்டுப் பார்க்கணும்."

போகும் முன் கோதுமை ஏல் தொட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். அடியில் அடுப்பில்லை, நெருப்பில்லை. ஆனாலும் வெள்ளை நுரை மலைமலையாக எழும்பி, உடைந்து, மறுபடி எழும்பியது. தூங்கும் பெரிய மிருகம் ஒன்று மூச்சுவிடுவதுபோல் இருந்தது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனை வருஷமாக ஈஸ்ட்டோடு குப்பை கொட்டுகிறாள்! மாவு உப்பியதும் சூட்டடுப்பில் தள்ளி அதன் கதையை முடித்துவிடுவாள். விட்டுவைத்தால் அது என்னவெல்லாம் செய்யும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

"உசுரோட இருக்கே இது," என்றாள் மெதுவாக, அதன் தூக்கத்தைக் கலைத்துவிடக் கூடாது என்பதுபோல.

சில நாள் கழித்து, யாரும் கூப்பிடாமலே வந்து நின்றாள். மாப்பிள்ளையின் சளி விட்டிருந்தது. ஆனாலும் பழுப்பு ஏலை முதலில் அவளிடம்தான் நீட்டினார். முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். முறுகிய ரொட்டியின் ஓரம், கொஞ்சம் வறுத்த பருப்பு. வெண்ணெயின் சுவடே இல்லை.

"வெண்ணெயை எடுத்தது யாரு?"

"அதே ஈஸ்ட்தான் அத்தை. தானே விட்டதைத் தானே தின்னுடுச்சு."

அவள் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மா!" என்று வாசலிலிருந்து அலறினாள் மகள்.

"சும்மா இருடி," என்றாள் கண் திறக்காமலே.

அடுத்த தொட்டியில் ஈஸ்ட் போட்ட அன்று ரொட்டிக்கடை மத்தியானமே சாத்தியிருந்தது. கவிழ்த்துப்போட்ட வாளி ஒன்றில் உட்கார்ந்து, முதல் நுரை எழும்பும் வரை அவள் அசையவில்லை.