ஒரு ஸ்பூன் உப்பும் உதிர்ந்த 'ங்க'வும்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் உதிர்வது 'ங்க'தான். கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் சபரிநாதனிடம் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். போன வியாழக்கிழமை அது மொத்தமாக உதிர்ந்தது.

அன்று லேபில் ஏசி படுத்துவிட்டது. ஹூஸ்டன் ஜூலை வெயிலில் என் கடல் முள்ளெலிக் கருக்கள் வெந்தே போகும். தயிர் டப்பாவில் ஊற்றி, நுண்நோக்கியையும் தூக்கிக்கொண்டு, ஊரை ஒட்டி சுகர் லேண்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, டப்பாவைக் கிச்சன் மேடையில் வைத்தேன்.

இந்தக் கருக்களுக்கு உடம்பெல்லாம் நுண்மயிர். அதை அசைத்துத்தான் நீந்தும். உப்பு கூடினால் மயிர் உதிரும்; பழையபடி வெறும் கடல்நீரில் விட்டால் மறுபடி முளைக்கும். காலையில் ஒருமுறை உதிர்த்து முளைக்க வைத்திருந்தேன். இரண்டரை மணி நேரம் ஆனது. அந்த அதிர்ச்சியைத் தாங்கக் கருவுக்குள் ஊறிய ஸ்ட்ரெஸ் புரதம் கையிருப்பில் இருக்கும், அடுத்த முறை சீக்கிரம் முளைக்கும் என்பது என் கட்சி. "செத்துடும்மா. கடைசி பேட்ச், கை வைக்காதே" என்பது பாஸ் அனந்தராமன் கட்சி. சாயங்காலம் அவை உயிரோடு நீந்துவதைக் காட்டினால்தான் எனக்கு இன்னொரு வருஷம் வேலை. பயந்துபோய் நானும் கை வைக்கவில்லை.

"த்தூ!"

கிச்சனுக்கு ஓடினேன். சபரி கையில் தயிர் டப்பா.

"என்ன கண்மணி மோர் இது? ஒரு ஸ்பூன் உப்புதான் போட்டேன், இந்தக் கரி கரிக்குது!"

"அடப்பாவி! கண்ணு பொடனியிலயா இருக்குது உனக்கு?"

"அப்ப நான் துப்புனது என்ன?"

"என் வேலை!"

பிடுங்கிப் பார்த்தால் எல்லாம் அடியில் அசையாமல் கிடந்தன. உப்புநீரைச் சாய்த்துவிட்டு, பாட்டிலில் இருந்த கடல்நீரை ஊற்றி, நுண்நோக்கி முன்னால் உட்கார்ந்தேன். சபரி பக்கத்திலேயே நின்றார்.

இந்த முறை ஒன்றரை மணி நேரத்திலேயே ஒன்று சுழன்றது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

வீடியோ காலில் கருக்களைக் காட்டி, மறுபடி உப்பு விழுந்ததைச் சொன்னேன். அனந்தராமன், "வேண்டாம்னு சொன்னேன்ல?" என்று முறைத்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவை நீந்துவதைத் திரைக்குக் கிட்டே வந்து பார்த்தார்.

"சரி, இன்னொரு வருஷம் இரு. இதையே ரிப்பீட் பண்ணணும். உப்பு எவ்வளவு போட்டே?"

கிச்சன் பக்கம் திரும்பினேன்.

"ஏனுங்க, எவ்வளவுங்க போட்டீங்க?"

சபரி முகம் மலர்ந்தது.

"குத்துமதிப்பாத்தான் போட்டேன். அது கெடக்கட்டும், உனக்கு 'ங்க' முளைச்சிருச்சே!"