மூன்றாம் பத்தி

இலவசச் சட்ட உதவி அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பது என் வேலை. வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் வந்து சொல்வதைக் கேட்டு எழுதுவேன். எங்கள் வக்கீல் அதை டைப் அடித்துக் குடும்பநல கோர்ட்டில் போடுவார். நான் எழுதினால் கல்லும் கரையும் என்பார்கள். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு பெண் வந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலையாம். விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிக் கிடந்தது. கோர்ட்டிலிருந்து வந்த தாளை மேஜையில் வைத்தாள்.

"பாப்பாவைத் தன்கிட்ட விடச் சொல்லி வீட்டுக்காரர் கேஸ் போட்டிருக்கார்க்கா. வியாழக்கிழமை வரச் சொல்றாங்க. எனக்கு ஒரு வக்கீல் வேணும்."

தாளின் அடியில் எங்கள் முத்திரை. மூன்று வாரத்துக்கு முன் அவள் புருஷன் இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதான். அழுகிற ஆம்பளையை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள், அன்றைக்கு என் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவனுக்கு நீட்டினேன்.

"உங்களுக்கு இங்க வக்கீல் தர முடியாதும்மா. அவர் முதல்ல வந்துட்டார். ஒரே கேஸ்ல ரெண்டு பக்கமும் நாங்க நிக்கக் கூடாது."

"இந்த இடத்தை அவருக்குச் சொன்னதே நான்தான்," என்றாள். "சண்டையில, 'இலவச வக்கீல்கிட்ட போறேன் பாரு'ன்னேன். எனக்கு லீவு கிடைக்கல. அவருக்கு வேலையே இல்ல, வந்துட்டார்."

வேறோர் அலுவலகத்தின் விலாசம் கொடுத்தேன். அங்கே முறை வர ஒரு மாதமாகும் என்பதையும் சொல்லவேண்டியிருந்தது.

"இதுல என்ன எழுதியிருக்குன்னாவது படிச்சுச் சொல்லுங்க. இந்தக் கோர்ட்டு பாஷை எனக்குப் புரியல."

முதல் பத்தியில் கல்யாணத் தேதி. இரண்டாவதில் குழந்தையின் வயது. மூன்றாவதில் என் குரல் இறங்கிவிட்டது.

"மேற்படி தாயார், ஏழு வயதே ஆன பெண் குழந்தையை மாலை முழுவதும் அந்நியர் வசம் தள்ளிவிட்டு, அதன் பாதுகாப்பைப் பற்றிச் சிறிதும் கவலையின்றி இருந்து வருகிறார்."

அவன் சொன்னது, "ஷிப்டுக்குப் போறப்ப எதிர்வீட்டு அக்காகிட்ட விட்டுட்டுப் போவா" என்பதுதான். அதற்குக் கண்ணும் மூக்கும் வைத்தது நான். இந்த ஒரு வரி போதும் என்று வக்கீல்கூட மெச்சினார்.

"அந்நியரா?" என்றாள். "பாப்பா பொறந்தப்ப என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதே அந்த அக்காதான். இப்படியெல்லாம் அவருக்குப் பேசவே வராதுக்கா. யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க."

நான்தான் என்று சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. தாளை மடித்து அவளிடம் நீட்டினேன். எதிர்த்தரப்புக்கு யோசனை சொல்வது தப்பு, வேலை போய்விடும். ஆனாலும் குனிந்து மெதுவாகச் சொன்னேன்.

"வியாழக்கிழமை அந்த அக்காவையும் கூட்டிட்டுப் போங்க. ஜட்ஜ்கிட்ட அவங்களையே பேசச் சொல்லுங்க."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதை எழுதின கை விளங்காமப் போகட்டும். நீங்க நல்லா இருக்கணும்க்கா," என்று என் வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.