பாதியில் நின்ற வசனம்

ஜெர்மனியில், டோர்ட்மண்டில் நடக்கும் தமிழர் உதைபந்தாட்டப் போட்டிகளில் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தால் யாகோப்பு இலேசில் கீழே வைக்கமாட்டார். பந்து எங்கே போகிறது என்பதோடு நிற்காமல், அடித்தவனின் தகப்பன் எந்த ஊர், அவரும் அந்தக் காலத்தில் இப்படித்தான் கோலைத் தவறவிடுவார் என்பதுவரை சொல்லுவார். அந்த மனிதருக்குத்தான் ஏ.எல்.எஸ். வந்தது. தசைகளை ஒவ்வொன்றாக முடக்கும் அந்த நோய் முதலில் அவருடைய வலது கையை எடுத்தது, பிறகு கால்களை, அதன் பிறகு நாக்கை. கண்கள் மிஞ்சின.

கண்ணாலும் எழுதலாம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். திரைக்குக் கீழே பொருத்தும் ஒரு சின்னக் கருவி கண் போகும் இடத்தைக் கவனிக்கும். ஓர் எழுத்தையே பார்த்தபடி இருந்தால் அந்த எழுத்து விழும். முடித்ததும் கணினி வாசித்துச் சொல்லும். மருத்துவக் காப்புறுதியிடம் கேட்ட கருவி வந்து சேரும்வரை பொறுக்க முடியாமல் மகன் ஜெசிந்தன் கண் கருவியையும் ஒரு புது மடிக்கணினியையும் வாங்கினான். அவன் கொலோன் நகரில் கணினித் துறையில் வேலை செய்பவன். கணினி மந்தமாக இயங்கக்கூடாது என்று மேலதிகமாக ஒரு மெமரியும் வாங்கி, பின்மூடியைக் கழற்றித் தானே உள்ளே பொருத்தினான்.

முதல் நாள் யாகோப்பு, "தேவமலர், சன்னலைத் திற" என்று எழுதினார். மனைவி தேவமலர் சன்னலைத் திறந்துவிட்டு, குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதாள்.

அடுத்த கிழமையே கணினி இடைநடுவில் நின்றுபோகத் தொடங்கியது. திடீரென்று திரை நீலமாகும். பிறகு தானாக அணைந்து மறுபடி எழும்பும். எழுதியது எதுவும் இருக்காது. "முதுகு நோகுது" போன்ற சின்ன வசனங்கள் தப்பிவிடும். ஆனால் யாகோப்புக்கு ஓர் எழுத்து விழவே கனநேரம் பிடித்தது. நீளமாக ஏதாவது எழுதப்போனால் "எனக்கு அந்த" என்ற இடத்திலேயோ, அதற்குச் சற்றுத் தள்ளியோ எல்லாம் போய்விடும். அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

"எந்தத் தலகணியப்பா? அந்த நீலத் தலகணியோ?" என்று தேவமலர் கேட்பாள். அவர் கண்ணை மூடுவார். மூடினால் 'இல்லை', மேலே பார்த்தால் 'ஓம்'.

ஜெசிந்தன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, தங்கை லவினியா ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். சூடாகிறதோ என்று கீழே விசிறி வைத்தாள். கண் கருவியின் மென்பொருளை மாற்றினாள். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகவும் ஏற்றினாள். ஒருநாள் ஒழுங்காக ஓடும். மறுநாள் மறுபடி நீலம்.

சனிக்கிழமை ஜெசிந்தன் நேரே வந்தான். திங்கட்கிழமை மருத்துவரைச் சந்திக்க டெர்மின் குறித்திருந்தது. யாகோப்புக்கு மூச்சு குறைந்துகொண்டு வந்ததால், தொண்டையில் துளையிட்டு மூச்சுக் கருவி பொருத்துவதைப் பற்றி முடிவு சொல்லவேண்டும். வீட்டில் ஒருவருக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை. பொருத்துவதுதான்.

"அண்ணா, நீ போட்ட மெமரியை ஒருக்காக் கழட்டிப் பாப்பமே?" என்றாள் லவினியா.

"அது புதுசடி. அதில ஒண்டும் இராது."

"எல்லாம் செய்து பாத்தாச்சு. அதை மட்டும்தான் நீ தொட விடுறாய் இல்லை."

அவன் மெமரியைச் சோதிக்கும் நிரலை ஓடவிட்டான். அது முடியும்வரை கணினியைப் பாவிக்க ஏலாது. அந்தப் பகல் முழுவதும் யாகோப்பு வாயற்றுக் கிடந்தார். தேவமலர் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். குளிருதோ, கால் நோகுதோ, பாதர் வரவேணுமோ, லவினியாவின்ர கலியாணத்தை யோசிக்கிறியளோ. ஒவ்வொன்றுக்கும் கண்கள் மூடித் திறந்தன. பிறகு மூடியபடியே கிடந்தன. வழிந்த நீரை அவள் விரலால் துடைத்துவிட்டாள்.

பின்னேரம் திரையில் சிவப்பு வரிகள் வரத் தொடங்கின. அவன் பொருத்திய மெமரியில்தான் பிழை. ஜெசிந்தன் அதைக் கழற்றி எடுத்தான்.

"இவ்வளவு நாளும் நான் போட்டதுதான் உங்களைக் கதைக்க விடேல்லை அப்பா" என்றான்.

யாகோப்பு அவனைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். எழுத்துகள் முன்னையைவிட மெதுவாக விழுந்தன, ஆனால் கணினி இடையில் நிற்கவில்லை. மூவரும் கட்டிலடியில் நின்றார்கள். யாரோ முன்பின் தெரியாத ஆணின் குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் கணினி வாசித்தது.

"எனக்கு அந்த மூச்சு மெசின் வேண்டாம். இப்படியே வருசக்கணக்காக் கிடக்க விருப்பமில்லை."

தேவமலர் கட்டிலின் விளிம்பில் அமர்ந்துவிட்டாள். "எப்பயிருந்தப்பா இதைச் சொல்லப் பாக்கிறியள்?"

"தொடக்கத்திலயிருந்து" என்று கணினி வாசித்தது.

"மெசின் போட்டால் இன்னும் கனகாலம் இருக்கலாம் அப்பா" என்றான் ஜெசிந்தன்.

"தெரியும்" என்றது கணினி.

ஜெசிந்தன் பல்கனிக்குப் போய்விட்டான். லவினியா பின்னால் போனாள். கீழே யாரோ சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அது பழுதாவே கிடந்திருக்கலாம்" என்றான் அவன்.

"அப்பிடியெண்டால் திங்கக்கிழமை அவருக்கு விருப்பமில்லாததை எல்லோ செய்திருப்பம்."

"செய்திருப்பம். ஆனா அப்பா இருந்திருப்பார்."

லவினியா அவன் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

திங்கட்கிழமை மருத்துவர் குனிந்து, யாகோப்பின் கண்களுக்கு நேரே முகத்தை வைத்துக் கேட்டார். யாகோப்பு ஜெர்மன் மொழியில் 'வேண்டாம்' என்று எழுதினார். மருத்துவர் மறுபடியும் கேட்டார். அதே சொல் மறுபடியும் விழுந்தது. தேவமலர் கணவரின் கையைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தன் விடுப்பெடுத்துக்கொண்டு வீட்டிலேயே தங்கினான். தகப்பனைக் குளிப்பாட்டினான், தாடி வழித்துவிட்டான். ஒருநாள் காலை, சவர்க்கார நுரையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "என்னில கோவமோ அப்பா?"

யாகோப்பு நெடுநேரம் எழுதினார். "நீ வாங்கித் தந்தபடியாத்தானே சொன்னனான்."

பனி கொட்டத் தொடங்கிய கிழமையில் அவருக்குக் கண்களும் களைத்துப்போயின. எழுதுவது நின்றது. ஒரு முற்பகல், தேவமலர் படுக்கை விரிப்பை மாற்ற, ஜெசிந்தன் அவரைத் தன் மார்போடு சாய்த்துப் பிடித்திருந்தான். விரிப்பை இழுத்துச் சரிசெய்துவிட்டு, "இனி மெல்ல வளத்து, படுக்கட்டும்" என்றாள் அவள். மகன் அசையவில்லை. தகப்பனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுங்கோ அம்மா" என்றான்.