அண்ணன் ஒட்டிய பெட்டிகள்

‘பூச்சாடி உடையாமல் வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறக்கும்போது உடைந்துவிட்டது. ஒரு ஸ்டார்.’

காலையில் போனை எடுத்ததுமே அவள் கண்ணில் பட்டது இதுதான். அதற்குக் கீழே இன்னொருவர், பெட்டியைத் திறக்கப் பக்கத்து வீட்டுத் தச்சரைக் கூப்பிட வேண்டியிருந்தது என்று எழுதியிருந்தார். அதற்கும் கீழே ஒருவர் எதுவுமே எழுதவில்லை. வெட்டுப்பட்ட கட்டைவிரலின் படத்தை மட்டும் போட்டிருந்தார்.

கண்ணாடிப் பூச்சாடிகளில் கையால் வண்ணம் தீட்டி ஆன்லைனில் விற்பது அவள் தொழில். வருஷம் முழுக்க ஈ ஓட்டினாலும், கடைசியில் வரும் விடுமுறைக் காலத்தில் பரிசு வாங்குகிறவர்கள் புண்ணியத்தில் கடை பிழைத்துக்கொள்ளும். அந்தக் காலம் இதோ வாசலுக்கே வந்தாயிற்று. இந்த நேரம் பார்த்து ஸ்டார் குறைந்தால், அவள் விற்கும் இணையதளம் கடையைத் தூக்கிக் கடைசிப் பக்கத்தில் போட்டுவிடும். அங்கே ஒரு காக்காகூட எட்டிப் பார்க்காது.

காரணம் யார் என்பது அவளுக்கும் தெரியும், அவள் புருஷனுக்கும் தெரியும். தெரியாதவர் ஒரே ஒருவர்தான். முன்னறையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, சும்மா சொல்லக்கூடாது, உயிரைக் கொடுத்து ஒட்டிக்கொண்டிருந்த அவளுடைய அண்ணன்.

அண்ணன் வேலை பார்த்த தொழிற்சாலையை இழுத்து மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்தவர் ஃப்ரிட்ஜைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். “உங்க அண்ணன உன்கூட வச்சுக்கோ தாயே, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்று அண்ணிதான் அனுப்பி வைத்தாள். வந்த நாளிலிருந்து மனுஷன் முகத்தில் ஒரு தெளிச்சி. மதியம் சாப்பிடும்போது பழைய கதையெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவரிடம் போய் எந்த வாயால் சொல்வது?

பெட்டியின் வாயில் ஒரு வரி டேப் போதும். அண்ணனுக்குப் போதாது. குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, நான்கு ஓரத்துக்கும் நான்கு, அப்புறம் மொத்தத்துக்கும் சேர்த்து மூன்று சுற்று. முடித்ததும் குழந்தையைத் தூங்க வைப்பதுபோல் முதுகில் ஒரு தட்டு.

“உங்க அண்ணன் பெட்டியா ஒட்டறாரு? சமாதி கட்டறாரு” என்பான் புருஷன்.

“வாய மூடிக்கிட்டு இருங்க. கேட்டுடப் போகுது.”

ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். “டேப் சீக்கிரமா தீந்துடுதுண்ணே.” மறுநாள் அண்ணன் தன் வீட்டிலிருந்தே டேப் கொண்டுவந்தார். அது நூல் வைத்த டேப். கத்திக்கே பல் போய்விடும். டேப் கட்டரை ஒளித்து வைத்தாள். அண்ணன் பல்லால் கடித்தே ஒட்டி முடித்தார்.

இப்போது மூன்றாவதாகக் கட்டைவிரலே வந்துவிட்டது. இனிமேலும் மென்று முழுங்கிக்கொண்டிருந்தால் கடை போய்விடும். சொன்னால் அண்ணன் போய்விடுவார். ராத்திரியெல்லாம் புரண்டதில் அவளுக்கு மண்டைதான் வலித்தது.

மறுநாள் மத்தியானம் டெலிவரி வேன்காரர் ஒரு பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். விலாசத்தில் ஆள் இல்லையாம். அவள் அதை வாங்கி நேரே அண்ணன் முன்னால் வைத்தாள்.

“அண்ணே, இதத் திறந்து குடு. வேற ஒருத்தருக்கு அனுப்பணும்.”

“இதென்ன பிரமாதம்” என்று அண்ணன் நகத்தை வைத்தார். நகம் நழுவியது. சாவியை வைத்தார். சாவி வளைந்தது. கத்தரிக்கோல் வந்தது, சமையலறையிலிருந்து ரொட்டிக் கத்தி வந்தது. பெட்டியைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கல்லில் நார் உரித்தார். சட்டை நனைந்துவிட்டது.

கதவோரம் சாய்ந்திருந்த புருஷன், “மச்சான், உள்ள இருக்கிறவரையே ஒரு கை குடுக்கச் சொல்லுங்களேன்” என்றான்.

“மாப்ள, கொஞ்ச நேரம் சும்மா இருங்க!” என்று அண்ணன் கத்தி, இருந்த கோபத்தையெல்லாம் கையில் ஏற்றி ஒரு இழுப்பு இழுத்தார். பெட்டி வாயைப் பிளந்தது. பூச்சாடி துள்ளி வெளியே வந்து, தரையில் விழுந்து சில்லுச் சில்லாயிற்று.

அண்ணன் சில்லுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாருக்கும் இப்படித்தான் ஆகுதா?”

“எல்லாருக்கும் இல்லண்ணே. நெறைய பேருக்கு.”

“ஏன்டி, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“சொன்னா நீ வராம போயிடுவியோன்னு பயந்தேன். வேலை போனதுலேருந்து நீ சிரிச்சதே இங்க வந்துதான். கடை போனாலும் போகட்டும்னுகூட நெனச்சேன்.”

அண்ணன் அவளை மேலும் கீழும் பார்த்தார். “அடிப்பாவி! நான் என்னவோ உன்மேல இரக்கப்பட்டுல்ல வந்துக்கிட்டிருக்கேன்? எனக்குப் போன மாசமே வேலை கெடச்சாச்சு. நீ ஒத்தையாக் கெடந்து அல்லாடுவியேன்னு, சீசன் முடிஞ்சு வரேன்னு வேலை குடுத்தவங்கள நிறுத்தி வச்சிருக்கேன்!”

“அண்ணிக்குத் தெரியுமா?”

“அவதான் வாய மூடிக்கிட்டு இருக்கச் சொன்னா.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இத்தனை நாள் தூக்கம் கெட்டதை நினைத்துக் கோபமும் வந்தது. மூன்றையும் ஒன்றாகக் காட்ட முகத்தில் இடமில்லாமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

“இனிமே ஒரு வரிதான். அதுக்கு மேல ஒட்டினா என் கைய ஒடி” என்றார் அண்ணன். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “இல்லன்னா ஒண்ணு பண்றேன். உன்னாலேயே ஒழுங்கா ஒட்ட முடியும்னா நாளைக்கே அந்த வேலைக்குப் போயிடறேன். எங்க, ஒரு பெட்டிய ஒட்டிக் காட்டு பாப்போம்.”

ஒட்டத் தெரியாதவளா அவள்? அண்ணன் வருவதற்கு முன்னால் இந்த வீட்டிலிருந்து போன பெட்டியெல்லாம் அவள் கைபட்டுப் போனவைதான். ஒன்றில்கூட டேப் ஒரு நூல் விலகியதில்லை.

டேப்பை வாங்கினாள். கோணலாக இழுத்து, நடுவில் சுருக்கம் விழவிட்டு, பெட்டியின் ஒரு பக்கம் ஆவென்று வாயைப் பிளந்து நிற்க அப்படியே விட்டாள்.

“கண்றாவி!” என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “இத வச்சுக்கிட்டா கடை நடத்தறே? குடு இப்படி.”

புருஷன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் காலை நன்றாக மிதித்தாள்.