பூஜையில் வைத்த தாள்கள்

"தொடாதே வத்சலா, பூஜையில வெச்சதை இன்னிக்கு எடுக்கப்படாது—"

"வெச்சது நான்தானே, எடுக்கறதும்—"

"நாளைக்குக் கார்த்தால புனர்பூஜை பண்ணிட்டு எடு!"

"நாளைக்கு அவர் லண்டன்ல இருப்பார். காதுல விழறதா?"

சரஸ்வதி படத்துக்கு முன்னால், கணவர் சீதாராமனின் பாங்க் பேனாவுக்கும் சுருதிப் பெட்டிக்கும் நடுவே, கட்டம் போட்ட எழுபத்திரண்டு தாள்கள். தேயிலை ஏலக் கணக்கைக் கம்ப்யூட்டர் போடுவதற்காக வத்சலா எட்டு மாதம் பென்சிலால் எழுதிய ப்ரோக்ராம். லண்டன் கம்ப்யூட்டர் கம்பெனி முதலாளி ஹாலம் துரைக்கு நாளை மறுநாள்தான் விமானம் என்று நம்பி, காலையில் அவளேதான் சந்தனம் தொட்டு வைத்தாள். அரைமணி முன்பு மாடி வீட்டு வங்காளி அண்ணி, மித்ரா பௌதி, இறங்கி வந்தாள். துரை அவள் வீட்டுக்குப் போன் பண்ணினாராம். பயணம் இன்று மாலையே. நாலு மணிக்குள் தாள்களை ஹோட்டலுக்குக் கொண்டு வந்தால் லண்டனில் வேலை, இல்லாவிட்டால் இல்லை.

மணி இரண்டரை. தெருவில் துர்கா பூஜைப் பந்தலில் நவமி மேளம் நிற்கவேயில்லை. கல்கத்தா முழுக்கத் தெருவில்தான். டாக்ஸி கிடைக்காது, அலிப்பூரிலிருந்து ஹோட்டல் இருக்கும் சௌரங்கிக்கு இந்தக் கூட்டத்தில் நடக்க வேண்டும்.

"தபால்ல அனுப்பேன்."

"அந்த வேலைக்குப் பம்பாய்க்காரன் ஒருத்தன் தயாரா நிக்கறான்."

"அப்படி என்ன பெரிய மனுஷன் அவன்?"

"பால்காரர் பிள்ளை. கார் ஷெட்ல மேஜை போட்டு, அப்பாவோட பால் கணக்குக்கு ப்ரோக்ராம் எழுதினார். ஊர் ஊரா வாங்கினா. இப்போ அவர்கிட்ட எண்ணூறு பேர். பதினாலு ரூம் வீடு, எதிர்க்க ஏரி—"

"ஏரியில வாத்து எத்தனைன்னுகூட எனக்கு மனப்பாடம். அவன் கதை வந்த அந்தப் பத்திரிகையைத் தலகாணிக்கடியில வெச்சுண்டுதானே தூங்கறே?"

"வேலைக்குச் சேர்றவாளுக்கெல்லாம் கம்பெனில பங்கு குடுக்கறார். இருபது வருஷத்துல உங்க பாங்க் என்ன குடுத்தது?"

"ஒரு கடிகாரம்."

"அதுவும் ஓடலை."

சீதாராமன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு படத்தை.

"சரஸ்வதி கோச்சுப்பா, வத்சு."

"யார் பேசறது? போன வருஷம் இதே நாள், பூஜையில வெச்ச பேனாவை உருவிக் குறுக்கெழுத்துப் போட்டவரா?"

"அது... ஒரு வார்த்தைதான் பாக்கி இருந்தது."

"எனக்கும் ஒண்ணரை மணி நேரம்தான் பாக்கி."

அவள் விழுந்து கும்பிட்டாள். எழுந்தபோது தாள்கள் கையில் இருந்தன. மேல் தாளில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. ஒரு துளசி இலையும். அதை எடுக்காமலே பையில் போட்டுக்கொண்டு, செருப்பைத் தேடினாள். ஒன்றுதான் கிடைத்தது. மற்றதைச் சீதாராமன்தான் கட்டிலுக்கடியிலிருந்து கொண்டு வந்து அவள் காலருகே வைத்தார்.

அவள் மூன்று படி இறங்கியிருப்பாள்.

"அவனுக்குப் பதினாலு ரூம், சரி. அவன்கிட்ட உனக்கு அங்க வீடு பார்க்கச் சொன்னியே வத்சு, ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?"